தானம் வந்த சோபா

அவள் அந்த நாட்டில் காலடி எடுத்து வைப்பதற்கு முன்பே அந்த சோபா வந்து சட்டமாக உட்கார்ந்துவிட்டது.

கணவன் முதலில் வந்து வேலையில் சேர்ந்து, வீடு பிடித்து, அதன் பிறகுதான் அவளையும் பாப்பாவையும் அழைத்துக்கொண்டான். விமான நிலையத்திலிருந்து வந்து இறங்கி, முதல் மாடிக் கதவைத் திறந்து, "எப்படி இருக்கு நம்ம வீடு?" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டான். வீடு எங்கே தெரிந்தது? சோபாதான் தெரிந்தது. முன்னறை ஜன்னலை ஒட்டி, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும், காப்பிக்கொட்டை நிறத்தில் படுத்துக் கிடந்தது. பால்கனிக் கதவு அதன் மேல் இடித்துக்கொண்டு பாதிதான் திறந்தது. இடது பக்கம் உட்கார்ந்தால் ஆள் இடுப்புவரை உள்ளே போய்விடுவார். எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். வலது பக்கம் ஒரு ஸ்பிரிங் தலையை நீட்டி, உட்கார்ந்தவரை நலம் விசாரிக்கும். நடுவில் மட்டும் ஒரே ஒரு ஆள் சௌகரியமாக உட்காரலாம். குளிருக்கு ஹீட்டரைப் போட்டால் போதும், ஈரத்துணி வாடையும் பழைய எண்ணெய் வாடையும் கைகோத்துக்கொண்டு கிளம்பும். நாலு வயசுப் பாப்பா அதை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அம்மா, எருமை" என்றாள். அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர்.

"அண்ணன் கொடுத்தது. சும்மாவே கொடுத்துட்டாரு," என்றான் கணவன். "தெரிஞ்ச கடைக்காரர்கிட்ட சொல்லி எடுத்தாராம். புதுசு மாதிரி."

"எது புதுசு மாதிரி?"

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதும்மா."

யாரிடம் சொல்கிறோம் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டான். அவள் பல் டாக்டர். பல்லைப் பிடித்துப் பார்ப்பதுதான் அவள் படித்த படிப்பு, பார்த்த வேலை.

அண்ணன் என்று அவன் சொன்னது கூடப் பிறந்தவரை அல்ல. அந்த ஊரில் நம்மவர்கள் நாலைந்து குடும்பம் இருந்தார்கள். அதில் முதலில் வந்தவர் அவர். அந்த ஒரு தகுதியிலேயே எல்லாருக்கும் அண்ணன். எள் என்றால் எண்ணெயாக நிற்பவர் என்பார்களே, இவர் எள் என்று யாரும் சொல்லாமலே எண்ணெயோடு வந்து நிற்பவர். புதிதாக வருகிறவனை விமான நிலையத்தில் போய் அழைத்துக்கொள்வார். "நமக்குத் தெரிஞ்ச பையன்" என்று சொல்லி வீடு பிடித்துக் கொடுப்பார். தன் அலுவலகத்திலேயே வேலைக்கும் சொல்லி வைப்பார். அதெல்லாம் உண்மையான உபகாரம், இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் எந்தக் கடையில் அரிசி வாங்குவது, துணியை எங்கே காயப்போடுவது, பிள்ளைக்கு எத்தனை ஸ்வெட்டர் போடுவது என்று சகலமும் அவர் இலாகா. முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவரைக் கைகாட்டி என்றார்கள். கைகாட்டி ஊருக்கெல்லாம் வழி சொல்லும், தான் நகராது.

சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் வருவார். நேரே போய் சோபாவின் நடுவில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் தட்டிக் கொடுப்பார். "எப்படி? யானை மாதிரி நிக்குது பாருங்க. சும்மா கிடைச்சதுன்னு அலட்சியமா இருக்காதீங்க." கூட வரும் அண்ணி வலது பக்க ஓரத்தில், ஸ்பிரிங்கின் மேலேயே, முகம் மாறாமல் உட்கார்ந்திருப்பாள். ஊரில் அவள் கல்லூரியில் இயற்பியல் பாடம் நடத்தியவளாம். இங்கே அவள் வாயிலிருந்து வந்த ஒரே சொல் "போதும்மா". தட்டில் எதைப் போட்டாலும் போதும்மா. பிடித்து வைத்த பிள்ளையார் என்று பல் டாக்டர் மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

மற்ற குடும்பங்களும் புது வீட்டைப் பார்க்க வந்தன. ஆச்சரியம் என்னவென்றால், ஒருவர்கூட சோபாவில் உட்காரவில்லை. "எனக்கு முதுகு வலி, தரைதான் ஒத்துக்கும்," என்றாள் பாங்க்காரரின் மனைவி. "வார்டுல நாளெல்லாம் நிக்கிற காலு, நீட்டி உட்காரணும்," என்றாள் நர்ஸ் அக்கா. எவ்வளவு எளிமையான மனுஷங்க என்று பல் டாக்டர் உருகிப் போனாள்.

அவளுக்கு வேண்டியது ஒரு மேசை. அந்த நாட்டில் அவள் படித்த படிப்பு செல்லாது; அங்கே நடத்தும் செய்முறைப் பரீட்சையில் தேறினால்தான் யாருடைய வாயிலும் கை வைக்கலாம். ரப்பர் ஈறும் பிளாஸ்டிக் பல்லும் வைத்த ஒரு தாடையை மேசை விளிம்பில் திருகி மாட்டி, அதில் குடைந்து, அடைத்து, செதுக்கிப் பழக வேண்டும். அதற்கு நல்ல பகல் வெளிச்சம் வேண்டும். வீட்டில் வெளிச்சம் வருவது ஒரே ஒரு ஜன்னல் வழியாக, அந்த வெளிச்சம் முழுவதும் எருமையின் முதுகில் விழுந்து வீணாயிற்று. அவள் சமையலறை மேடையில் தாடையை மாட்டிக்கொண்டாள். ஒரு பக்கம் குக்கர், ஒரு பக்கம் கடைவாய்ப்பல். விசில் வந்தால் கை ஆடும். கை ஆடினால் பல் போகும். ஒரு நாள் செதுக்கிய பல் தூள் பறந்து ரசத்தில் விழுந்தது.

கடைக்குப் போனால் வாயைத் திறக்கக் கூச்சம். பாப்பாவின் பள்ளிக்கூடத்தில் டீச்சர் பேசினால் தலையை ஆட்டுவதோடு சரி. ஊரில் பத்துப் பேர் காத்திருக்க, "அடுத்து யாரு?" என்று கூப்பிட்டவள் இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை. அந்தப் பரீட்சையில் தோற்றால் இப்படியே காலம் தள்ள வேண்டியதுதான் என்று அவளுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

"பரீட்சை எல்லாம் எதுக்கும்மா?" என்றார் கைகாட்டி ஒரு சனிக்கிழமை. "பிள்ளை வளரட்டும். அண்ணியைப் பாரு, எவ்வளவு நிம்மதியா இருக்கா."

அண்ணி ஸ்பிரிங்கின் மேல் புன்னகையோடு இருந்தாள்.

அவர்கள் போனதும் அவள் கணவனைப் பிடித்துக்கொண்டாள். "இதை எடுத்துடலாம். இந்த இடத்துல என் மேசையைப் போட்டுக்கறேன்."

"அண்ணன் என்ன நினைப்பாரு?"

"அவர் நினைக்கிறதுக்கா நாம வாடகை கட்டறோம்?"

"நன்றின்னு ஒண்ணு இருக்கில்ல?"

"நன்றி இருக்கட்டும். சோபா எதுக்கு?"

அவனுடைய வேலையே கம்ப்யூட்டர் நிரல்களில் குற்றம் கண்டுபிடிப்பது. அடுத்தவன் எழுதியதில் ஒரு புள்ளி தப்பினாலும் பிடித்துவிடுவான். வீட்டில் அறையை அடைத்துக் கிடந்த குற்றம் மட்டும் அவன் கண்ணுக்கு எட்டவில்லை. "பார்க்கலாம்," என்றான். அவன் பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டான் என்று அர்த்தம்.

இதற்கிடையில் பாப்பா தன் பங்குக்கு ஒரு வேலை செய்திருந்தாள். இருக்கை மெத்தையைத் தூக்கி, அழியாத மை பேனாவால் உள்பக்கத் துணியில் மேல்வரிசை, கீழ்வரிசை என்று பற்கள் வரைந்து வைத்திருந்தாள். கேட்டால், "எருமைக்குப் பல்லே இல்லம்மா. பாவம், எப்படிச் சாப்பிடும்?" என்றாள். டாக்டர் வீட்டுப் பிள்ளை அல்லவா, ஒரு பல்லில் சொத்தைகூட இருந்தது.

வேண்டாத பெரிய சாமான்களை ஒரு குறிப்பிட்ட நாளில் தெருவோரம் வைத்துவிட்டால் நகராட்சி லாரி வந்து எடுத்துக்கொண்டு போகும். வழியில் போகிற யாருக்காவது வேண்டுமென்றால் அதற்கு முன் எடுத்துக்கொள்ளலாம். அப்படி ஒரு நாள் வந்தது. கணவன் காலையிலேயே அலுவலகம் போய்விட்டான். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையாக, அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். கீழ்வீட்டில் பஸ் ஓட்டும் பெண் ஒருத்தி இருந்தாள். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் கிடையாது. பல் டாக்டர் சோபாவைக் காட்டினாள், பிறகு தன் கழுத்தை நெரிப்பதுபோல் காட்டினாள். பஸ்காரி புரிந்துகொண்டு கையுறையை மாட்டினாள்.

பல் பிடுங்குவதில் பலம் ஒன்றும் இல்லை. இழுக்கக் கூடாது, அசைத்து அசைத்து இளக்க வேண்டும், அது தானாகக் கையோடு வரும். எருமையும் அப்படித்தான் வந்தது. படி இறங்கி, நடைபாதையில் அதை விட்டுவிட்டு மேலே வந்தாள். அறை அடையாளமே தெரியாமல் மாறியிருந்தது. தரை முழுக்க வெயில். பாப்பா அதில் உருண்டாள். மேசையை நகர்த்தி, தாடையை மாட்டி, முதல் பல்லைக் குடைந்தபோது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சாயங்காலம் கணவன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். தரையில்தான், வேறு எங்கே? "சனிக்கிழமை அண்ணன் வருவாரே!" அவனுடைய பயத்தைப் பார்த்து அவளுக்கும் தொற்றிக்கொண்டது. வேலைக்குச் சொல்லி வைத்தவர், வேட்டு வைக்கவும் மாட்டாரா? கடைசியில் இருவரும் சேர்ந்து ஒரு பொய்யைத் தயாரித்தார்கள்.

"மூட்டைப்பூச்சியா?" என்றார் கைகாட்டி, காலியான இடத்துக்கு முன்னால் நின்று.

"ஆமாண்ணே. ஒரே படை. லாரிக்காரங்க வந்து அங்கேயே நசுக்கி எடுத்துட்டுப் போயிட்டாங்க," என்றான் கணவன்.

"நசுக்கறதைக் கண்ணால பார்த்தீங்களா?"

"பார்த்தோம்ணே."

"ஓ," என்றார் கைகாட்டி. அவர் அவ்வளவோடு விட்டது அவளுக்கு என்னவோ போல் இருந்தது. அண்ணி மட்டும் ஜன்னல் ஓர மேசையையும் அதில் வாயைப் பிளந்துகொண்டிருந்த தாடையையும் வெகுநேரம் பார்த்தாள். போகும்போது அந்தப் பிளாஸ்டிக் பல்லை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த மாதம் புதிதாக ஒரு ஜோடி வந்து இறங்கியது. பையனுக்கு அதே அலுவலகம். பெண் கட்டட வரைபடம் போடுகிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாக் குடும்பங்களையும் அங்கே சாப்பிட வரச் சொல்லிவிட்டார் கைகாட்டி. வீடு அவர்களுடையது, அழைப்பு இவருடையது.

பல் டாக்டர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். முன்னறை ஜன்னலை ஒட்டி, மேலே பூப்போட்ட விரிப்பைப் போர்த்திக்கொண்டு, எருமை படுத்திருந்தது. நடுவில் கைகாட்டி. இடம் இல்லாததால் அந்தப் பெண்ணின் வரைபலகை பிரிக்காத கட்டோடு கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்தது.

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் முகம் திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி இருந்தது. வலிக்கிறது, ஆனால் கத்த முடியாது. பிறகுதான் கவனித்தாள், அறையில் இருந்த எல்லாருடைய முகமும் அப்படித்தான் இருந்தது. பாங்க்காரரின் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் அக்கா தரையில் கால் நீட்டியிருந்தாள். எளிமையான மனுஷங்க!

"உட்காருங்க, உட்காருங்க. தம்பிக்கு நான் எடுத்துக் கொடுத்தது," என்றார் கைகாட்டி, சோபாவைத் தட்டி. "தெரிஞ்ச கடைக்காரன். புதுசு மாதிரி."

"அம்மா! நம்ம எருமை!" என்று பாப்பா வீடே அதிரக் கத்தினாள்.

கைகாட்டி சிரித்தார். "பிள்ளைங்களுக்கு எல்லா சோபாவும் ஒண்ணுதான்."

பாப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நேரே போய், விரிப்பை உருவி, அவர் பக்கத்து மெத்தையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். "பல்லைப் பாருங்க! நான் வரைஞ்சது!" எல்லாரும் பார்த்தார்கள். மேல்வரிசை, கீழ்வரிசை, ஒரு சொத்தை.

புதுப் பையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கைகாட்டிக்கு முகம் சிவந்தது. ஆனால் முதலில் வந்தவர் அவ்வளவு சுலபத்தில் விழுவாரா?

"சரி. தெருவுல கெடந்துச்சு, எடுத்தேன். அதைத் தெருவுல போட்டது யாரு?" என்றார் அவளைப் பார்த்து. "மூட்டைப்பூச்சி, நசுக்கிட்டாங்கன்னு என் மூஞ்சிக்கு நேரா பொய் சொன்னது யாரு? வீடு யாரால கிடைச்சுது? வேலை யாரால கிடைச்சுது? நன்றிகெட்டத்தனத்துக்கு ஒரு அளவு வேண்டாம்?"

"அண்ணே, அது வந்து..." என்றான் அவள் கணவன். அது எங்கும் வரவில்லை, தொண்டையிலேயே நின்றுவிட்டது.

இங்கே பல்லைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டால் அடுத்த சனிக்கிழமையே எருமை மாடியேறி வந்துவிடும், தாடை பழையபடி குக்கர் பக்கத்துக்குப் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"மூட்டைப்பூச்சி இல்லண்ணே. நாங்க சொன்னது பொய்," என்றாள். "நீங்க செஞ்ச உதவியை மறக்க மாட்டோம். ஆனா இந்த சோபா எனக்கு வேண்டாம். முதல் நாளே வேண்டாம். சொல்லப் பயந்துக்கிட்டு நானேதான் இறக்கி வச்சேன்."

அப்போது தரையிலிருந்து பாங்க்காரரின் மனைவி, தனக்குத்தானே பேசுவதுபோல், "பாப்பா, அந்தக் கைப்பிடிக்குப் பின்னால காப்பிக் கறை இருக்கா பாரு கண்ணு," என்றாள்.

பாப்பா எட்டிப் பார்த்தாள். "இருக்கு!"

"அது எங்க வீட்டுக் கறை."

நர்ஸ் அக்கா தலையைக் குனிந்து சோபாவுக்கு அடியில் பார்த்தாள். "பின்கால்ல ஒரு கட்டையை வச்சு ஆணி அடிச்சிருக்கில்ல? அது எங்க வீட்டுல அடிச்சது. தண்ணிக்குழாய் உடைஞ்சு நனைஞ்சு போச்சுன்னு சொல்லி வெளிய வச்சோம். மன்னிச்சுக்குங்கண்ணே." சொல்லிவிட்டு அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாரும் சிரித்தார்கள். ஒவ்வொரு வீடும் தூக்கி எறிந்ததை அவர் பொறுக்கி வந்து அடுத்த வீட்டுக்குத் தானம் செய்திருக்கிறார். அவரும் வாயைத் திறக்கவில்லை, அவர்களும் திறக்கவில்லை.

சிரிக்காத ஒரே ஆள் அண்ணி. அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"முதல்ல இது எங்க வீட்டுலதான் இருந்தது," என்றாள்.

போதும்மா சொல்லும் குரல் அல்ல அது. எல்லாரும் திரும்பினார்கள்.

"நாங்க வந்த புதுசுல யாரோ இவருக்குக் கொடுத்தாங்க. வேண்டாம்னு சொல்ல இவருக்கு வாய் வரல. பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித் தரலாம்னு நான் ஒரு கரும்பலகை வாங்கி வச்சிருந்தேன். அதை எடுத்துட்டு அந்த இடத்துல இதைப் போட்டாரு. ஒரு நாள் நானே இழுத்துத் தெருவுல விட்டேன். சாயங்காலமே திருப்பித் தூக்கிட்டு வந்துட்டாரு. அதுக்கப்புறம் நான் எதையும் வேண்டாம்னு சொல்லல."

"அந்தப் பழங்கதை எல்லாம் இப்ப எதுக்கு?" என்றார் கைகாட்டி.

இந்தப் பெண்ணையா பிள்ளையார் என்று சிரித்தோம் என்று பல் டாக்டருக்கு வெட்கமாக இருந்தது.

அண்ணி புதுப் பெண்ணைப் பார்த்து, "உனக்கு இது வேணுமாம்மா?" என்று கேட்டாள். பெண் தன் கணவனைப் பார்த்தாள். அவன் கைகாட்டியைப் பார்த்தான். கைகாட்டி இரண்டு கையையும் விரித்து சோபாவின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அவங்களைப் பார்க்காத. உன்னைத்தான் கேட்டேன்."

"வேண்டாம்க்கா," என்றாள் அந்தப் பெண், காதில் விழாத குரலில்.

"கடைசி பெஞ்சுக்குக் கேக்கணும்."

"வேண்டாம்!"

அண்ணி எழுந்து போய்த் தன் கணவனுக்கு முன்னால் நின்றாள். "எந்திரிங்க," என்றாள்.

அவர் எழுந்துவிட்டார். ஏன் எழுந்தோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பெண்கள் நான்கு பேர் சேர்ந்து அதைத் தலைகீழாகப் புரட்டிக் கால்களைக் கழற்றினார்கள். "கனமெல்லாம் அந்தப் பக்கம் இருக்கு, அதை முதல்ல வெளிய விடு," என்று அண்ணி இயற்பியல் நடத்தினாள். "இழுக்காதீங்க, அசைச்சு அசைச்சு!" என்றாள் பல் டாக்டர். ஆண்கள் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு, "பார்த்து, பார்த்து, செவுத்துல இடிக்கும்!" என்று தங்களால் ஆன உதவியைச் செய்தார்கள். அவள் கணவன் மட்டும் ஓடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டான். அவன் வரைக்கும் அது பெரிய புரட்சி.

தெருவோரம் இறக்கியதும், கழற்றிய கால்களை அண்ணி ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கைப்பையில் போட்டு மூடினாள். "இனிமே இது எங்கேயும் நடந்து வராது," என்றாள்.

மேலே வந்தபோது அறையில் வெயில் நிறைந்திருந்தது. புதுப் பெண் கதவுக்குப் பின்னாலிருந்து வரைபலகையை இழுத்துக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவராகத் தரையில் உட்கார்ந்தார்கள். அண்ணி பாப்பாவை மடியில் இருத்திக்கொண்டு, "உங்க வீட்டுத் தாடைக்கு மொத்தம் எத்தனை பல்லு?" என்று பேச்சுக் கொடுத்தாள். கைகாட்டி மட்டும் நடு அறையில் நின்றுகொண்டிருந்தார்.

"உட்காருங்கண்ணே," என்றாள் பல் டாக்டர்.

ஊருக்கெல்லாம் வழி சொன்னவர் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"எங்கம்மா?" என்றார்.